ஸுஹைரா கணிதம் எழுதிய நாள்

புத்தளத்துக்குப் பக்கத்தில், எத்தாளையில் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஸுஹைரா ஒன்பது வருடமாக வேலை செய்தாள். நிரந்தர வேலை அல்ல. மேசை துடைப்பது, சோதனைக் குழாய் கழுவுவது, அமிலப் போத்தல்களைப் பூட்டி வைப்பது, பாடம் தொடங்க முன்னர் வேண்டிய சாமான்களை எடுத்துப் பரப்பி வைப்பது என்று எல்லாம் அவள்தான். ஆனால் வரவுப் புத்தகத்தில் அவள் பெயர் கடைசிப் பக்கத்தில் தனியாக இருந்தது.

அவளை நிரந்தரமாக்க அதிபருக்கு விருப்பம்தான். அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தி பெற்றிருக்க வேண்டும். ஸுஹைரா பதினாறு வயதில் ஒரு தடவை, பதினேழில் ஒரு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கணிதம் மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு கலியாணம், பிள்ளை. இப்போது வயது முப்பத்தாறு.

"கூட்டல் கழித்தல் வரும் டீச்சர். அந்த x வந்தா கை நடுங்குது" என்று விஞ்ஞானம் படிப்பிக்கும் யூஜினி டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க அமிலத்தையே வெறுங்கையால தூக்குற ஆள். ஒரு எழுத்துக்குப் பயப்படுறீங்களா?" என்று டீச்சர் சிரிப்பார்.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நிரப்பியது மகள் ஷிம்லா. அதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு படித்தாள். ஒரே பிள்ளை. மெலிந்த உடம்பு, பெரிய குரல். வாப்பா நஸீம் நுரைச்சோலையிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினான். கிழமையில் மூன்று நாலு நாள்தான் வீட்டில் இருப்பான். அவன் இல்லாத நாட்களில் உம்மாவும் மகளும் வாயாடிக்கொண்டே சமைத்து, வாயாடிக்கொண்டே படுப்பார்கள்.

"தனிப்பட்ட பரீட்சார்த்தி எண்டு போட்டிரிக்கேன். கையெழுத்து வைங்க" என்றாள் ஷிம்லா.

"எனக்கென்ன விசரா?"

"எனக்கு முந்தி நீங்க பாஸ் பண்ணோணும். அடுத்த வருசம் நான். ஒரே வருசத்தில ரெண்டு பேரும் எழுதினா ஊரில கதைப்பாங்க."

அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அஸர் தொழுது, குசினி மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் நாள் ஷிம்லா அடுப்பு மேட்டிலிருந்து மூன்று நெருப்புப் பெட்டிகளை எடுத்து வந்தாள். மூன்றிலும் குச்சிகளை எண்ணிப் போட்டு மூடினாள். பக்கத்தில் நாலு குச்சியைச் சும்மா வைத்தாள்.

"மூண்டு பெட்டிக்குள்ளயும் ஒரே அளவு. வெளியில நாலு. மொத்தம் பத்தொன்பது. ஒரு பெட்டிக்குள்ள எத்தின?"

ஸுஹைரா ஒரு பெட்டியை எடுத்துக் காதருகே குலுக்கினாள்.

"குலுக்கக் கூடாது உம்மா! தெறக்காமச் சொல்லோணும்."

ஸுஹைரா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியில் கிடந்த நாலு குச்சியையும் கையால் ஒரு பக்கம் ஒதுக்கினாள். "இத எடுத்தா பதினஞ்சு. பதினஞ்ச மூணாப் பிரிச்சா அஞ்சு."

"தெறந்து பாருங்க."

ஐந்துதான் இருந்தது.

"x எண்டா இவ்வளவுதான். பெட்டிக்குள்ள இரிக்கிறது. பேர் தெரியாத வரைக்கும் x எண்டு கூப்பிடுறம். தெரிஞ்சாப் பிறகு அஞ்சு எண்டு கூப்பிடுறம்." ஷிம்லா கொப்பியில் 3x + 4 = 19 என்று எழுதி, உம்மா கையால் ஒதுக்கியதை அடுத்த வரியிலும், மூன்றாகப் பிரித்ததை அதற்கடுத்த வரியிலும் எழுதிக் காட்டினாள். இருபது வருடமாகப் பயந்தது இதற்கா என்று ஸுஹைராவுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாம் இப்படி லேசாக வரவில்லை. கழித்தல் அடையாளம் அடைப்புக்கு வெளியில் நின்றால் உள்ளே இருக்கிற அடையாளங்கள் ஏன் மாறுகின்றன என்பது அவளுக்கு மூன்று கிழமையாகியும் பிடிபடவில்லை. ஷிம்லா சத்தம் போடுவாள். ஸுஹைரா கொப்பியை மூடிவிட்டு மீன் கழுவப் போவாள். கொஞ்ச நேரத்தில் மகளே பின்னால் வந்து நின்று, "சரி, வாங்க, வேற மாதிரிச் சொல்றன்" என்பாள்.

ஒரு நாள் பாடம் தலைகீழானது. ஷிம்லாவுக்கு இரசாயனச் சமன்பாடுகளைச் சமப்படுத்தும் வீட்டுவேலை. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தால் நீர். பேனையைக் கடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில் H2O வுக்குப் பின்னால், அடியில், ஒரு 2 ஐச் சேர்த்து எழுதினாள்.

"அங்க போடாத" என்றாள் ஸுஹைரா, வெங்காயம் உரித்தபடி. "அடியில போட்டா அது வேற சாமான். அது தண்ணியில்ல, புண்ணுக்கு ஊத்துற மருந்து. முன்னுக்குத்தான் போடோணும்."

ஷிம்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஒட்சிசன் ரெண்டு. அந்தப் பக்கம் ஒண்டு. மத்தது எங்க போன? அப்ப தண்ணிக்கு முன்னுக்கு ரெண்டு போடு. இப்ப ஐதரசன் நாலாப் போச்சி. அப்ப ஐதரசனுக்கு முன்னுக்கும் ரெண்டு. சரியா?"

"இத எப்பிடித் தெரியும்?"

"ஒம்பது வருசமா டீச்சர் போட்ல எழுதுறா. நான் பின்னால குழாய் கழுவுறன். காது அடைச்சா கிடக்கு?"

ஷிம்லா எழும்பி வந்து, வெங்காயக் கையோடு இருந்த உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உம்மா, நீங்க இப்ப செஞ்சது அட்சரகணிதம். தெரியாத இலக்கத்த ரெண்டு பக்கமும் சமன் பண்ணிக் கண்டுபுடிச்சிட்டீங்க. இது தெரிஞ்சிக்கொண்டா xக்குப் பயந்த?"

அன்றிலிருந்து ஸுஹைராவின் கை நடுங்கவில்லை. நஸீம் வீட்டுக்கு வந்த நாட்களில் குசினி வாசலில் பிளேன்ரீயோடு நின்று இருவரையும் பார்ப்பான். ஒரு நாள், "எனக்கும் ஒரு கணக்குத் தாங்களன்" என்று கேட்டு, அதையும் பிழையாகச் செய்து, இருவரும் சிரிக்கச் சிரிக்க வெளியே போனான்.

பரீட்சை மார்ச் மாதம் வந்தது. அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்ததால் பத்தாம் வகுப்புக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஷிம்லாவுக்குக் காய்ச்சல் கண்டது. திங்கள் காலையில் ஸுஹைரா அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். டொக்டர் பனடோல் கொடுத்து, நிறையக் குடிக்கச் சொல்லி, "புதன்கிழமை கட்டாயம் ரத்தம் சோதிச்சுப் பாருங்க. டெங்கு காலம்" என்றார்.

புதன்கிழமைதான் கணிதம். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சை நிலையம் புத்தளம் நகரத்தில். காலை ஐந்தரை பஸ்ஸில் போக வேண்டும்.

செவ்வாய் மாலை ஸுஹைரா, "நான் போகல்ல. உன்ன ரத்தம் பாக்கக் கூட்டிப் போறன்" என்றாள்.

"அடுத்த சோதினைக்கு ஒரு வருசம் உம்மா. ரத்தம் பின்னேரமும் பாக்கலாம்."

"வாப்பாவ வரச் சொல்லவா?"

"வாப்பா தம்புள்ளைக்குப் போற வழியில. அவர் வந்து என்ன செய்யப் போற? நீங்க போங்க. நான் சும்மா படுத்திரிப்பன்."

புதன் காலையில் ஸுஹைரா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. குளிர்ச்சியாக, வேர்வையோடு இருந்தது.

"பாத்தீங்களா? காய்ச்சல் உட்டுட்டு" என்றாள் ஷிம்லா.

ஸுஹைரா உடுத்திக்கொண்டிருந்தபோது பின்பக்கம் கிணற்றடியில் ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தாள். ஷிம்லா வாளித் தண்ணீரில் வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சத்தி எடுத்தியா?"

"இல்ல உம்மா. பல்லு மினுக்கினன். பிரஷ் தொண்டையில பட்டிட்டு."

பிரஷ் வீட்டுக்குள்ளே, கண்ணாடிக்குக் கீழே இருந்தது. சற்று முன்னர்தான் ஸுஹைரா அதைப் பார்த்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் சிரித்தாள். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"கஞ்சி மூடி வெச்சிரிக்கி. குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு றம்லாவிடம் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொன்னாள்.

மண்டபத்தில் அவளோடு இருந்தவர்களில் பாதிப் பேர் அவளுடைய பிள்ளை வயது. வினாத்தாளைத் திருப்பினாள். முதலில் ஒன்றும் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு சமன்பாடு தெரிந்தது. அதைச் செய்தாள். விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், சரிவந்தது. அடுத்ததையும் செய்தாள். அடைப்புக்கு வெளியே கழித்தல் அடையாளம் நின்ற கணக்கு ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமாக அவள் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்ததில்லை.

முதல் தாள் முடிந்த இடைவேளையில் கைப்பையை வாங்கி போனைப் போட்டாள். வீட்டு போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. உடனேயே நஸீம் அடித்தான்.

"எப்பிடி?"

"நல்லா செஞ்சிரிக்கேன். இஞ்ச, புள்ள போன் எடுக்கிறாள் இல்ல. உங்களோட கதைச்சாளா?"

அந்தப் பக்கம் லொறிச் சத்தம். "ஓம், காலையில கதைச்ச. நல்லாத்தான் இரிக்காளாம். தூங்குறாளாக்கும். நீ மத்தத எழுது."

அவள் இரண்டாம் தாளையும் எழுதினாள். வரைபைப் பென்சிலால் கீறினாள், ஷிம்லா சொல்லித் தந்த மாதிரி, மெல்லிய கோடாக.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது பின்னேரமாகிவிட்டது. வீட்டில் றம்லா பாயருகே இருந்து ஷிம்லாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "முந்தி வந்து பாத்தன், தூங்குறன் எண்டு சொன்ன. இப்ப வந்து தொட்டா கை காலெல்லாம் குளிருது ஸுஹைரா. உன்னோட போனுக்கு அடிச்சன்." போன் கைப்பைக்குள் அணைந்தபடியே இருந்தது. இரண்டாம் தாளுக்குப் பிறகு அதைத் திரும்பப் போட ஸுஹைரா மறந்திருந்தாள்.

த்ரீவீலில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஷிம்லா கண்ணைத் திறந்தாள்.

"வரைபு வந்ததா?"

"வந்த."

"கீறினீங்களா?"

"கீறினன். கதைக்காத மகள்."

"அச்சுக்குப் பேர் எழுதினீங்களா? அதுக்கும் புள்ளி இரிக்கி."

"எழுதினன்."

ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து அம்புலன்ஸில் புத்தளத்துக்கு ஏற்றினார்கள். காலையில் பஸ்ஸில் போன அதே பாதை. செய்யக் கூடியதையெல்லாம் அங்கே செய்தார்கள். டொக்டர், வயது குறைந்த பெண், ஸுஹைராவைக் கதிரையில் இருத்தி மெதுவாகச் சொன்னார்: "டெங்குவில காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம். சுகமான மாதிரித் தெரியும். வயித்துக் குத்து, சத்தி இருந்திச்சா?"

"தெரியா" என்றாள் ஸுஹைரா.

நஸீம் தம்புள்ளையிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். அடுத்த நாள் பகல், லுஹருக்குச் சற்று முன் ஷிம்லா மௌத்தானாள். பதினைந்து வயது. அஸருக்குப் பிறகு அடக்கினார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கத்ரு, அல்லாஹ் எழுதிய விதி என்றார்கள். ஒருவரும் ஸுஹைராவைக் குறை சொல்லவில்லை. நஸீமும் சொல்லவில்லை. ஆனால் அவன் அவளை நேராகப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான். அவளுக்கு அதற்குக் காரணம் தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நினைத்தாள். பிள்ளையை விட்டுவிட்டுச் சோதினைக்குப் போன பொம்பிளையை எப்படிப் பார்ப்பது? சோற்றை வைப்பாள், அவன் சாப்பிடுவான். லொறிக்குப் போகாமல் இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தான். பிறகு போகத் தொடங்கினான், வீட்டுக்கு வருவது குறைந்தது.

ஜூலையில் பெறுபேறு வந்தது. ஸுஹைரா பார்க்கவில்லை. யூஜினி டீச்சர்தான் சுட்டெண்ணைத் தேடியெடுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றே அழத் தொடங்கினார்.

"கணிதம் C, ஸுஹைரா. திறமைச் சித்தி."

ஸுஹைரா டீச்சரை உள்ளே கூப்பிட்டு, கதிரையைத் துடைத்துக் கொடுத்து, தேத்தண்ணி போட்டாள். "சீனி போதுமா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் நிரந்தர நியமனத்துக்கான படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். "அதிபர் தந்தார். அவசரமில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நஸீம் வீட்டுக்கு வந்தபோது படிவம் அதே இடத்தில் இருந்தது. எடுத்து வாசித்தான்.

"பாஸா?"

"ஓம்."

"ஏன் நிரப்பல்ல?"

ஸுஹைரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனுக்கு முன்னால் நின்றாள். நாலு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அண்டைக்குக் காலையில அவள் சத்தி எடுத்த. கிணத்தடியில. நான் கேட்டன். பல்லு மினுக்கினன் எண்டு சொன்ன. பிரஷ் வீட்டுக்குள்ள கிடந்த. நான் பாத்தன். பொய் சொல்றாள் எண்டு தெரிஞ்சும் போனன். பஸ் போயிரும் எண்டு போனன். அங்க இருந்து சிரிச்சிச் சிரிச்சி எழுதினன். டொக்டர் கேட்டதுக்குத் தெரியா எண்டு பொய் சொன்னன். இப்ப நீங்க என்ன செய்யோணுமோ செய்ங்க."

நஸீம் படிவத்தை மேசையில் வைத்தான். அவனுடைய கை மேசையிலேயே இருந்தது.

"எனக்கு அவள் எட்டு மணிக்கு அடிச்ச" என்றான். "வயிறு குத்துது வாப்பா எண்டு சொன்ன. கூடக் குத்துதா எண்டு கேட்டன். கொஞ்சம் கூடத்தான் எண்டு சொன்ன. உம்மாட்டச் சொல்லாதீங்க, சொன்னா எழுதாம ஓடி வந்திருவா எண்டு கெஞ்சின. வெறும் வயித்தில மருந்து போட்டிரிப்பாள் எண்டு நினைச்சிட்டன். நீ இடையில கேட்ட. நல்லா இரிக்காள் எண்டு நான்தான் சொன்ன."

ஸுஹைரா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அதச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பன்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"ஓம்."

"சத்தியோட வயித்துக் குத்தும் எண்டு தெரிஞ்சிருந்தா வந்திருப்பன்."

"ஓம். நீ சத்தி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் றம்லாவுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டு சொல்லியிருப்பன்."

அவன் எழுந்து வெளியே போனான். லொறிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் வரவில்லை. ஸுஹைரா முக்காட்டைச் சரி செய்துகொண்டு போய், மற்றப் பக்கக் கதவால் ஏறி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, பெரிய ஆம்பிளை, வாய் திறந்து அழுதான். அவளும் அழுதாள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. மன்னிக்கவும் இல்லை, அதைப் பற்றி இருவருமே கதைக்கவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்த லொறிக்குள்ளேயே இருந்தார்கள்.

திங்கட்கிழமை ஸுஹைரா படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கொடுக்காவிட்டாலும் ஒன்றும் திரும்பி வராது என்று மட்டும் தெரிந்தது. ஒக்டோபரில் நியமனக் கடிதம் வந்தது. ஷிம்லாவோடு படித்த பிள்ளைகள் இப்போது பதினோராம் வகுப்பு. அவர்களுக்குச் செயன்முறைப் பாடம் இருக்கும் நாட்களில் யூஜினி டீச்சர் அவளைக் களஞ்சிய அறையில் வேலை பார்க்கச் சொல்வார். அவள் போவதில்லை. சாமான்களைப் பரப்பி வைத்துவிட்டு, பின்னால் நின்று, நாற்பது நிமிடமும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நஸீம் எந்தப் பாதையில் இருந்தாலும் பகல் இடைவேளைக்கு அவளுக்கு அடிப்பான். இருவரும் உடம்பில் உள்ளதையெல்லாம் சொல்வார்கள். வலது கால் கொஞ்சம் வலிக்குது. ராத்திரி ரெண்டு தரம் இருமினன். காலையில சாப்பிடல்ல, பசிக்கல்ல. கேட்கிற ஆட்களுக்கு அது கிழவன் கிழவி கதை மாதிரி இருக்கும். ஒரு நாள் அவன், "இண்டைக்கு ஒண்டுமில்ல. தலையில லேசாக் குத்து, இப்ப போயிட்டு" என்றான்.

"எப்ப போன?" என்று கேட்டாள் ஸுஹைரா. "எத்தின மணிக்குத் தொடங்கின? சரியாச் சொல்லுங்க."

அவன் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.